செவ்வாய், வெள்ளி மட்டும்

இரத்தத்தை முதலில் செருப்பில்தான் பார்த்தேன். இடது பாதத்தில் எது குத்தியது, எப்போது குத்தியது என்று தெரியாது. வலியே இல்லை. பன்னிரண்டு வருடமாக எனக்குச் சர்க்கரை. நியூரோபதி (நரம்பு மரத்துப்போவது) என்ற சொல்லைப் பிறகுதான் கற்றேன். உங்களுக்கும் சர்க்கரை இருந்தால், மேலே படிக்கும் முன் ஒருமுறை பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

அன்று சனிக்கிழமை. என் மகள் எஸ்தர் கேளம்பாக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் டாக்டர். கோவளத்தில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். நான் ஏறவில்லை. பக்கத்தில் எங்கள் சபையின் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"டாக்டரு செவ்வாய், வெள்ளிதான் வருவாங்கண்ணே. இப்ப கட்டு போட்டு வுடறேன். நீங்க பொண்ணாண்ட போய்க் காட்டுங்க," என்றார் நர்ஸ்.

காட்டவில்லை. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். எஸ்தர் பிறந்தபோது, டாக்டராகி இந்த ஆஸ்பத்திரியில் ஊழியம் செய்வாள் என்று சபை முன்னால் அவளை ஒப்புக்கொடுத்தவன் நான். என் அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்; சொத்தென்று எதுவும் இல்லை. சபை நடத்தும் மருத்துவக் கல்லூரியில் மகளுக்கு இடம் கிடைத்ததும், நம் கல்லூரிதானே, கட்டணத்தைக் குறைத்து வாங்குவார்கள் என்று நம்பினேன். குறைக்கவில்லை; பெரிய வங்கிக் கடன் வாங்க வேண்டியிருந்தது. கல்லூரியைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அதை நடத்தவும் பணம் வேண்டுமே.

படித்து முடித்து இந்த மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு வருடம் வேலை செய்தாள். சம்பளம் வட்டிக்கே போதவில்லை. அவள் போன பிறகு அந்த இடத்துக்கு யாரும் நிரந்தரமாக வரவில்லை. கொடுத்த வாக்கை நான் திருப்பி எடுத்துக்கொண்டதுபோல் ஓர் உறுத்தல். அதனால் அங்கேயே காட்டுவேன் என்று அடம்பிடித்தேன்.

செவ்வாயன்று டாக்டர் வரவில்லை. உட்கார முடியாமல் வராந்தாவில் நடந்தேன். நடக்கவே கூடாது என்று அப்போது தெரியாது. வெள்ளியன்று காய்ச்சல், இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. டாக்டருக்குக் காத்திராமல், என்னையும் கேட்காமல், நர்ஸ் எஸ்தருக்குப் போன் செய்துவிட்டார்.

வந்ததும் கட்டைப் பிரித்தாள். முகம் மாறியது.

"இன்னா நைனா இது? ஒரு வாரமா இன்னா பண்ணிகினு இருந்த?"

"உன்ன இங்கதானம்மா குடுத்தேன். நான் மட்டும் எப்டி வேற எடத்துக்குப் போறது?"

"குடுத்தது நீ. லோன் கட்டறது நான். நடுவுல உன் காலு இன்னா பண்ணுச்சு?"

அன்றே அவளுடைய மருத்துவமனையில் டிப்ரைட்மென்ட் (அழுகிய சதையை வெட்டி நீக்குவது) செய்தார்கள். இரண்டு விரல்களும் போயின. நாலு நாள் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் சர்ஜன். எஸ்தர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

மூன்று மாதம் கழித்து ஆராதனைக்குப் போனேன். மிஷன் மருத்துவர்களுக்கான ஜெபத்தில் அவள் பெயரை இன்னமும் வாசித்தார்கள். இத்தனை நாள் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவன் நான்தான். முடிந்ததும் போதகரிடம் போனேன்.

"அந்த லிஸ்ட்டுல இருந்து எம் பொண்ணு பேர எடுத்துடுங்க ஐயரே."

"அப்ப என்னன்னு ஜெபிக்கிறது?"

"கடன் கட்டிகினு கீற புள்ளன்னு ஜெபிங்க."

இப்போது எனக்கு எல்லாக் கிழமையும் ஒன்றுதான். காலையில் தரையில் கண்ணாடி வைத்துப் பாதத்தைப் பார்க்கிறேன். இல்லாத விரல்கள் அரிக்கின்றன. கடன் முடிய இன்னும் எட்டு வருடம் என்கிறாள். அதன்பின் மிஷனுக்கு வருவாயா என்று வாய் வரை வருகிறது. கேட்பதில்லை. விரல் அரிப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்கிறேன். இதைக் கேட்காமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.