நடுப்பல்லுக்கு நேராக

சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டத்திலிருந்து போன் வந்தபோது நான் விளக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தேன்.

"ராக்கம்மாக்கா பந்தலுக்குள்ள விழுந்துட்டாக. வலது கை தூக்க வரல, பேச்சும் வரல" என்றாள் உடன் வேலை செய்யும் பெண்.

மூன்றாம் நாள், தேனி ஆஸ்பத்திரியில், என் மூத்த ஓரகத்தி ராக்கம்மாள் இறைவனடி சேர்ந்தார்.

இருபத்திரண்டு வருடம் பந்தல் வேலை செய்தவர். தலைக்கு மேலே தொங்கும் குலைகளில் பொடிக்காய் கழிக்க நாளெல்லாம் அண்ணாந்து நிற்க வேண்டும். அங்கே கழுத்து வலிக்காத பெண் கிடையாது. அதனால்தான் போன தை மாதம் இடது கழுத்து சுண்டி இழுக்கிறது என்று அவர் சொன்னபோது நான் தைலம் தேய்த்துவிட்டதோடு சரி. நாலாம் நாள் இடது இமை சரிந்தது. சோறு தொண்டையில் அடைத்தது. நாக்கை நீட்டினால் இடப்பக்கம் கோணியது.

"யாரப் பத்திப் புறணி பேசுனீக?" என்று கேலி செய்தாள் பக்கத்து வீட்டுக்காரி.

"உன்னப் பத்தித்தேன். முடிக்கிறதுக்குள்ள கோணிருச்சு" என்றார் குழறியபடியே.

மதுரை டாக்டர் ஸ்கேன் பார்த்துச் சொன்னார்: மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துக் குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கிறது; அதனால் வந்த வீக்கம், குழாயை ஒட்டி நாக்குக்கும் இமைக்கும் போகும் நரம்புகளை நெரிக்கிறது. கிழிந்த இடத்தில் ரத்தம் கட்டி மூளைக்குப் போய் அடைக்காமலிருக்க மாத்திரை கொடுத்தார். நரம்பு மெல்லத்தான் மீளுமாம். "நான் சொல்லாம மாத்திரைய நிறுத்தாதீங்க" என்றார்.

தினமும் பூஜை முடித்து அக்கா முகத்துக்கு நேரே கைக்கண்ணாடி பிடிப்பேன்.

"ஏத்தா, காளியாத்தா கணக்கா நீட்டுறேன். எங்கன நிக்குது?"

"இன்னும் அரை விரக்கடை, அக்கா."

நோட்டில் குறித்துக்கொள்வேன். ஆடி வெள்ளியன்று நாக்கு நடுப்பல்லுக்கு நேராக வந்தது. சூடம் ஏற்றினேன்.

"நேராயிருச்சுல்ல? இனி எதுக்கு மாத்திரை? வயித்த எரிக்குது" என்றார் அக்கா.

மறு ஸ்கேனுக்கு மூன்று வாரம் இருந்தது. "ஆத்தா காப்பாத்திட்டா, விடுங்கக்கா" என்று சொன்னது நான்தான். அக்கா மறுநாளே தோட்டத்துக்குக் கிளம்பினார். பத்தாம் நாள் அந்த போன்.

அம்மன் மேல் குறையில்லை. நாக்கு நேராவதை மட்டுமே நான் எழுதிவந்தேன். கழுத்துக்குள் ஆறாமல் இருந்தது என் கண்ணாடியில் தெரியாது. பந்தலுக்குப் போகும் பெண்களிடம் இதை மறைக்கக் கூடாது என்றே எழுதுகிறேன்.

வாய்க்கரிசி போடும்போது அவர் உதடு லேசாகத் திறந்திருந்தது. குனிந்து பார்த்தேன்.

நடுவுலதேன் நிக்குது, அக்கா. போய்ட்டு வாங்க.