அக்காவுக்கு ஆறு பேனல்

என் வீட்டுக்காரர் வெயிலை நம்பிப் பிழைப்பவர். ஆனால் வாயைத் திறந்தால் மேகம்தான். கரண்ட் கம்பி எட்டாத தோட்டங்களுக்குச் சோலார் போட்டுக் கொடுப்பது தொழில். யார் கூப்பிட்டாலும் முதல் கேள்வி, "நாலு நாள் சேந்தாப்ல வெயில் அடிக்கலன்னா என்ன பண்ணுவீங்க?" கேட்டவர் முகம் சுருங்கிவிடும். பாதிப் பேர் வேறு ஆளைப் பார்த்துப் போய்விடுவார்கள். மேகக்காரர் என்று பட்டப்பெயரும் வைத்தாயிற்று.

அவர் கணக்கில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. பேட்டரி தண்ணீர்த்தொட்டி என்றால் பேனல்தான் குழாய். அன்றாடச் செலவுக்கு மட்டும் பேனல் போட்டால், மேகம் மூடின நாளில் பேட்டரியில் இறங்கியது இறங்கியதுதான். அடுத்து அடிக்கிற வெயில் அன்றைய செலவுக்கே சரியாகிவிடும். விழுந்த பள்ளத்தை நிரப்பவும் சேர்த்துப் போட வேண்டும்.

என் நாத்தனார், அவருடைய அக்கா, புருஷன் போனபிறகு எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் இருந்தாள். எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம், மறைப்பானேன். ஆனாலும் சோற்றுக்கு அடுத்தவர் முகம் பார்க்கிற பிழைப்பு யாருக்கும் வேண்டாம். ஊருக்கு வெளியே, கரண்ட் கம்பி எட்டாத ஒரு கொட்டகை பிடித்து, முட்டையிலிருந்து குஞ்சு பொரிக்கும் மெஷின் வாங்கினாள். அது ஓடினால்தான் அவள் சொந்தக் காலில் நிற்க முடியும்.

கொட்டகைக் கூரையை அளக்கும்போது டேப்பின் மறுமுனை என் கையில்.

"பத்து பேனல் வேணும்க்கா."

"பத்தா? எதுக்குடா?"

"மழைக்காலத்துல நாலு நாள்..."

"ஆரம்பிச்சிட்டான். ஊருக்குத்தான் அபசகுனமா பேசுற. எனக்காவது வாய் நெறய நல்லதா ஒண்ணு சொல்லேன்."

அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரிக்கா, ஆறு போதும்" என்றார்.

'போதும்' என்கிற சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். திரும்பும் வழியில் பிடித்துக்கொண்டேன். "பேட்டரி ரெண்டு கூடப் போட்டுடறேன்" என்று மழுப்பினார். குழாய் சிறுத்தபிறகு தொட்டியைப் பெரிதாக்கி என்ன பிரயோஜனம்? அவருக்குத் தெரியாததா?

முதல் தடவை குஞ்சுகள் நன்றாகவே வந்தன. அவள் எங்கள் வீட்டுக்கு வந்து, முதன்முறையாக விருந்தாளி மாதிரி முன்னறையில் உட்கார்ந்தாள். அடுத்த தடவை முட்டை வைத்துப் பாதியில் மழை பிடித்துக்கொண்டது. நடுவில் ஒருநாள் வெயில் வந்தது, அன்றைய ஓட்டத்துக்கே போயிற்று. மறுபடியும் மூடிக்கொண்டது. மெஷின் நின்றுபோனது.

நாங்கள் போனபோது தன் போர்வையையெல்லாம் முட்டைத் தட்டுகள்மேல் போர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு முட்டையை உடைத்துக் காட்டினாள். உள்ளே குஞ்சுக்கு இறகு முளைத்திருந்தது.

"யார் யாருக்கோ படிச்சுப் படிச்சுச் சொல்லுவியேடா. என்கிட்ட மட்டும் ஏன் சொல்லாம விட்டே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்கதானே..." என்று ஆரம்பித்தேன். அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

அவள் பின்னறைக்கே திரும்பி வந்துவிட்டாள். இவர் மேகத்தைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். வருகிறவர்கள் எத்தனை குறைவாகப் பேனல் கேட்டாலும், "போதும்ங்க, தாராளமா போதும்" என்கிறார். தங்கமான மனுஷர் என்று பெயர் வாங்கிவிட்டார். வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. எனக்குத்தான் அடுத்த மழையை நினைத்தால் பயம். முன்னறையில் அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் பின்னறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்கிறது.