அடிக்கட்டைகளுக்குக் காவல்

தேர்தல் வேலை பார்த்த குமாஸ்தாக்களே, உங்களுக்குத் தெரியும்: ஓட்டுப் போட ஒரு நிமிஷம் போதும், அதை ரகசியமாக வைத்திருப்பதுதான் உத்தியோகம். எண்பதுகளில் தர்மபுரிப் பக்கம் ஒரு தாலுகா ஆபீசில் அந்த உத்தியோகம் எனக்கு வாய்த்தது.

ஒரே நம்பர்

சித்தேரி மலைப் பள்ளிக்கூடத்தில் எங்கள் வாக்குச்சாவடி. ஓட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பது என் வேலை. சீட்டில் இருக்கும் நம்பரே என்னிடம் தங்கும் அடிக்கட்டையிலும் இருக்கும். அதில் வாக்காளரின் பட்டியல் எண்ணையும் எழுதுவோம். சாமை விதைக்கிற ஒரு பெண் இதையெல்லாம் உற்றுப் பார்த்தாள். படிக்காதவள்தான். ஆனாலும் இரண்டையும் சேர்த்து வைத்தால் யாருக்குப் போட்டேன் என்று தெரிந்துவிடுமே என்றாள். சீல் வைத்துவிடுவோம், கோர்ட் சொல்லாமல் பிரிக்க முடியாது, பிறகு எரித்துவிடுவோம் என்றேன். கைநாட்டு வைத்துவிட்டு, சீட்டை வாங்கிக்கொண்டே கேட்டாள்:

"அப்போ எரிக்கிற வரைக்கும் உங்கள நம்பித்தான் நாங்க இருக்கணுங்களா?"

கோவிந்தன் கேட்டது

தொகுதியின் எல்லாச் சாவடிகளிலிருந்தும் சீட்டும் அடிக்கட்டையும் சீல் வைத்த மூட்டைகளாக எங்கள் ரெக்கார்டு ரூமுக்கு வந்தன. சாவி என்னிடம். ஆறு வருஷமாக என்னோடு சேர்ந்து சாப்பிட்ட சக குமாஸ்தா கோவிந்தன், ஒரு மத்தியானம் மெதுவாக ஆரம்பித்தான். தேர்தலில் நின்ற மாரண்டஹள்ளிப் பக்கத்துப் பெரிய விவசாயி ஒருவருக்குச் சொந்த ஊரிலேயே ஓட்டு குறைந்துவிட்டதாம். தன் தோட்டத்து ஆட்களில் யார் மாற்றிப் போட்டது என்று தெரிய வேண்டுமாம். அந்த ஒரு சாவடி மூட்டையை ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும் என்றான். அந்த ஆட்கள் குடியிருப்பதே அவர் நிலத்தில்தான். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

கோவிந்தன் சண்டை போடவில்லை. மறுநாள் டிபன் பாக்ஸோடு வேறு மேஜைக்குப் போனான். மெல்ல மற்றவர்களும் போனார்கள். நான் வாடகை அறையில் தனி ஆள். ஆபீஸ்தான் எனக்குப் பேச்சுத்துணை. ஞாயிற்றுக்கிழமை வாயே திறக்காமல் கழியும், இப்போது திங்கட்கிழமையும் அப்படியே. பல மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவன் மகளுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, நானாகப் போய் விசாரித்தேன். தலை நிமிராமல் சொன்னான்:

"நீதான் வாயத் திறக்காத ஆளாச்சே, உங்கிட்டப் பேசி என்ன பிரயோசனம்?"

எரித்த காலை

அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஆபீஸின் பின்புறம் மூட்டைகளைக் கொளுத்தினோம். பாதி கருகிய அடிக்கட்டை ஒன்று காற்றில் பறந்தது. துரத்திப் பிடித்துத் திரும்ப நெருப்பில் போட்டேன். வாட்ச்மேன் முனியப்பன் கோலால் கிளறிக்கொண்டே, உள்ளே என்னதான் இருந்தது என்று கேட்டார். நானும் பார்த்ததில்லை என்றேன். கிளறுவதை நிறுத்திவிட்டார்.

"பாக்காததுக்கா சார் இத்தன பேரு பகை?"

நம்ம வேலையில் ஒன்றும் மிஞ்சாமல் போனால்தான் ஒழுங்காகப் பார்த்தோம் என்று பேர், ஆனால் அந்தப் பேரைச் சொல்லவும் பக்கத்தில் ஆள் மிஞ்சுவதில்லை.