கயிற்றின் மறுமுனை

காலை ஆறு பத்துக்குக் கௌதள்ளியில் பேருந்து ஏறினோம், நானும் என் அத்தை மகன் ரங்கசாமியும். ஹனூர், கொள்ளேகால், நரசிபுரா, அப்புறம் மைசூர். எந்த ஊரிலும் பத்து நாள் தரிக்காத கால் எனக்கு. அவர் ராணுவத்திலிருந்து திரும்பியபின் ஊர் எல்லையைத் தாண்டுவதே அபூர்வம். என்னைத் தன் வலப்பக்கம் உட்காரச் சொன்னார். இடக்காது முழுக்கப் போய்விட்டது. வலக்காதில் கத்தினால் பாதி விழும். காது மிஷின் வைத்துப் பார்த்தார், மின்விசிறிகூட லாரியாக இரைகிறது என்று கழற்றிவிட்டார்.

படையில் அவருக்கு எல்.எம்.ஜி., இலகுரக இயந்திரத் துப்பாக்கி.

"இலகுரகம்னா கனமே இருக்காதா மச்சான்?" என்று கத்தினேன். முன்சீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தூக்கறப்ப பத்துக் கிலோ. மேடேறுனா பொண்டாட்டி கனம்," என்று அவரும் கத்தினார்.

அந்தத் துப்பாக்கிக்கு இரண்டு ஆள். ஒருவன் சுடுவான். இன்னொருவன் இடப்பக்கம் ஒட்டிப் படுத்து, குண்டு தீர்ந்த மேகசினை உருவி அடுத்ததை மாட்டுவான். சுடுகிறவன் தலையைத் திருப்பக்கூடாது. கை தானாக வரும். ரங்கசாமியின் அந்தக் கை மாதேசன், தருமபுரிக்காரன்.

எட்டு மணிக்குக் கொள்ளேகால். கரும்பு வண்டிகளின் வாசனையில் காபி குடித்தோம். மைசூருக்கு இன்னும் அறுபது கிலோமீட்டர் சொச்சம். அங்கே அவர் மகள் செல்வி நூல் மில்லில் வேலை செய்கிறாள். கணவன் லாரியோடு வடக்கே போனால் மாதக் கணக்கு. தாயும் இல்லை, மாமியாரும் இல்லை. பிரசவ விடுப்பு முடிந்து இன்று இரண்டு மணி ஷிஃப்ட்டுக்குப் போகவேண்டும். போன மாதம் குழந்தையை இவரிடம் விட்டுக் கடைக்குப் போனாள். அது தூளியில் அழுது நீலம் பாரித்திருக்கிறது. இவர் வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இன்று பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காவிட்டால் வேலையை விடவேண்டியதுதான்.

"அதுக்கு வழி வெச்சிருக்கறேன் மாப்ளே," என்றார்.

பத்தரைக்கு மைசூர், தேவராஜ மொஹல்லா. மார்க்கெட்டில் மல்லிகைக் கூடைகளுக்கும் வாழைத்தார்களுக்கும் நடுவே புகுந்து ஒரு கயிற்றுக் கடைக்கு அழைத்துப் போனார். ஐந்து மீட்டர் வெள்ளைப் பருத்திக் கயிறு. ஒரு முனையைக் கடைக்காரர் கையில் கொடுத்துத் தூணுக்குப் பின்னால் போகச் சொன்னார்.

"என்னா சார் இது, வயசான காலத்துல ஆட்டம்?" என்றபடியே அவர் போனார்.

ரங்கசாமி ஒருமுறை இழுத்தார். அந்தப் பக்கத்திலிருந்து ஓர் இழுப்பு வந்தது. அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

"ஹோகலி சார், போகட்டும், அரை மீட்டர் சும்மா வெச்சுக்கங்க," என்றார் கடைக்காரர்.

வெளியே வந்து நின்று ரங்கசாமி சொன்னார்: "மலையில பதுங்கிக் கெடக்கறப்ப பேசக்கூடாது. ஆளுக்கு ஆளு கயிறு. ஒருக்கா இழுத்தா 'இருக்கறயா'. அவன் ஒருக்கா இழுத்தா 'இருக்கறன்'. அன்னைக்கு எதுக்கால சுட்டாங்க. நானும் ஒரு மேகசினத் தீத்துட்டன். மாதேசன் நாலடி பின்னால, பாறை மறைவுல. சுட ஆரம்பிச்சா பக்கத்துல வந்து படுத்துரோணும். கை வரல. இழுத்தன். பதிலில்ல. தூங்கிட்டானாட்டம் இருக்குதுன்னு திட்டிக்கிட்டே விடிய விடிய இழுத்துட்டிருந்தன்."

கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு ஓர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார்.

ஆட்டோ எழுபத்திரண்டு ரூபாய். வரிசை வீடுகளில் கடைசி செல்வியுடையது. தூளிக்கும் தன் மணிக்கட்டுக்கும் கயிற்றைக் கட்டிக்கொண்டு ரங்கசாமி சுவரோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். குழந்தை காலை உதைத்தது. கயிறு துடித்தது. எழுந்து வந்துவிட்டார்.

"பரவால்லியேப்பா!" செல்வி சிரித்தாள். எனக்குச் சோறு போட்டாள், சாப்பாட்டு டப்பாவைக் கட்டினாள், தலை வாரினாள். பால் குடித்த குழந்தை அயர்ந்து தூங்கியது. தூளி அசையவில்லை.

ஒன்றேகால் இருக்கும். ரங்கசாமி கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல ஒருமுறை இழுத்தார். சற்றுப் பொறுத்து இன்னொரு முறை. மூன்றாவது இழுப்பில் தூளி சுவரில் மோதியது. குழந்தை வீறிட்டது.

செல்வி ஓடிவந்து தூக்கினாள். "தூங்கற புள்ளய ஏம்ப்பா இழுத்த? மண்டை ஒடஞ்சிருந்தா?"

அவள் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "பதிலே வரலியேம்மா," என்றார். வீங்கிச் சிவந்து அழும் பேரனைப் பார்த்துக் கண்ணீரோடு சிரித்தார். "இருக்கறான், இருக்கறான்."

செல்வி கயிற்றை அவிழ்த்தாள். குழந்தையை அவர் மடியில் கிடத்தி அவருடைய இரண்டு கைகளையும் அதன் நெஞ்சில் வைத்தாள். பிறகு அவர் எதிரிலேயே மில்லுக்குப் போன் போட்டு, இனி வரமாட்டேன் என்று கன்னடத்தில் சொன்னாள்.

"கெளம்பறேன்னு சொல்றயா? போய்ட்டு வா சாமி, நான் பாத்துக்கறன்," என்றார் அவர்.

அவள் தலையாட்டினாள். டப்பாவை எடுத்துக்கொண்டு என்னோடு படியிறங்கினாள். எனக்கு ஆட்டோ கிடைத்ததும், "மாமா, ஊர்ல போயி நான் வேலைக்குப் போறன்னே சொல்லுங்க. உண்மையச் சொன்னா அப்பா காதுக்கு எப்படியும் எட்டிரும்," என்றாள்.

ஊர் ஊராகக் கிளம்பிப் போவதையே பிழைப்பாகக் கொண்டவன் நான். கிளம்பிய இடத்திலேயே ஒருத்தி நின்றுவிடுவதை அன்றுதான் பார்த்தேன். ஆட்டோ திரும்பியபோது அவள் பக்கத்து வீட்டுப் படியில், ஷிஃப்ட் முடியும்வரை இருக்கப் போகிறவளாக, தன் வீட்டு ஜன்னலுக்குக் காதைக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தாள்.