ஒரு மின்னஞ்சலுக்கு ஓர் ஆள்

பாரிசின் லா சப்பல் பகுதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த அக்காவுக்குப் பிரெஞ்சும் கணினியும் தெரியும். அதனால் அந்தத் தெருவில் பாதிப்பேரின் மருத்துவக் காப்புறுதி முதலான விண்ணப்பங்கள் அவருடைய மின்னஞ்சலில்தான் போகும். கறிவேப்பிலை வாங்கப் போனால், வந்திருக்கும் பதிலையும் வாசித்துச் சொல்லிவிடுவார். நான் பாரிசுக்கு வந்த புதிதில் என் விண்ணப்பங்களும் அப்படித்தான் போயின.

பிறகு படித்து, ஒரு கணினி நிறுவனத்தில் சேர்ந்தேன். மக்கள் தங்களுக்கு ஏற்ற மருத்துவக் காப்புறுதியைத் தெரிவுசெய்து, பதிந்து, ஆண்டுதோறும் புதுப்பிக்க ஒரு பொது இணையத்தளம் வரப்போகிறது என்றார்கள். அதைத் திட்டமிடும் குழுவில் என்னையும் போட்டார்கள். யார் யார் எப்படிப் பதியலாம் என்ற விதிகளை எழுதுவது என் பொறுப்பு. பெருமையில் எனக்குத் தலைகால் தெரியவில்லை.

மோசடியைத் தடுக்க, ஒரு மின்னஞ்சலுக்கு ஒரு கணக்குத்தான் என்று எழுதினேன். கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள்: "பலபேர் ஒரே மின்னஞ்சலை வைத்திருந்தால்?"

மேசையைச் சுற்றியிருந்த முகங்களில் தமிழ் முகம் என்னுடையது மட்டும். அக்காவின் கடை கண்முன் வந்தது. என் சனம் இப்படித்தான் என்று இவர்களிடம் எப்படிச் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது. "இந்தக் காலத்தில் யார் அப்படிச் செய்யப்போகிறார்கள்?" என்று சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். அடுத்த விடயத்துக்குப் போனோம்.

தளம் திறந்தபோது பழைய காப்புறுதிப் பதிவுகளை அதற்கு மாற்றினார்கள். அக்காவின் மின்னஞ்சலில் இருந்தவற்றில் அவருடைய சொந்தப் பதிவு மட்டும் தப்பியது. மற்றவை எல்லாம் முடங்கின. அவர் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டும் ஒன்றும் அசையவில்லை.

முடங்கியவர்களில் ஓர் அண்ணை. பாரிசுக்கு வெளியே செவ்ரானில் அறை எடுத்திருந்துகொண்டு, லா சப்பலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுபவர். இந்த ஊரில் எனக்கு முதல் குளிர்ச்சட்டை வாங்கித் தந்தவர். அவருக்கு நீரிழிவு. பாதத்தில் கொப்புளம் வந்தபோது, டொசியே என்கிற காப்புறுதிக் கோப்பு சரிவரட்டும், பிறகு டொக்டரிடம் போகலாம் என்று துணியைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்காக நின்று கழுவியிருக்கிறார். எனக்குத் தெரியவந்தபோது அவர் மருத்துவமனையில் இருந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

கட்டிலருகே நின்று அழுதேன். அவருக்கோ என் அழுகைதான் கவலை.

"ஏன் பிள்ளை அழுறாய்? நீ கொம்பியூட்டர் படிச்சனி, இதை ஒருக்கா வடிவாச் செய்து தா. அக்காவின்ரை ஈமெயில் இனிச் சரிவராதாம். உன்ரையைப் போடு. நீ எண்டா எனக்குப் பயமில்லை."

"ஓம் அண்ணை."

அவருக்கென்று ஒரு புதிய மின்னஞ்சல் திறப்பது ஐந்து நிமிட வேலை. பிறகு அதைத்தான் செய்தேன். ஆனால் முதலில், அவர் கேட்டபடியே, கைபேசியில் தளத்தைத் திறந்து, என் சொந்தக் கணக்குள்ள மின்னஞ்சல் முகவரியை அடித்தேன். எனக்கு நானே கொடுத்த தண்டனையாக இருக்கலாம். திரையில் சிவப்பில் ஒரு வரி வந்தது. அதுவும் நான் எழுதிக் கொடுத்ததுதான்: "இந்த முகவரி ஏற்கெனவே வேறொருவருடையது."

"என்னவாம் பிள்ளை?"

அந்த விதி என்னுடையது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

"கொஞ்சம் பொறுக்கட்டாம் அண்ணை."

"அதுக்கென்ன, பொறுப்பம்" என்று சொல்லி, என் தலையைத் தடவினார்.