சூனியக்காரியின் பிரெஞ்சு

கொரியாவின் பூசான் நகரில் முடி சுருட்டும் கடை வைத்திருக்கும் பொக்-சுன்னுக்கு ஐம்பத்தெட்டு வயதில் பிரெஞ்சுப் பைத்தியம் பிடித்தது. மகன் ஜூன்வூ கட்டிக்கொள்ளப் போகும் சொலேன் பிரெஞ்சுக்காரி. தாய் ஒதீலுக்கு ஒரே மகள். பெண்ணை இத்தனை தூரத்தில் கொடுக்கிறோமே என்று அந்த அம்மாள் வீடியோ காலில் அழுததைப் பார்த்த நாளிலிருந்து பொக்-சுன்னுக்குச் சோறு இறங்கவில்லை. 'உங்கள் மகள் இனி எனக்கும் மகள்' என்று சம்பந்தியிடம் தன் வாயாலேயே சொல்லிவிட வேண்டும். ஆள் வைத்துச் சொல்கிற பேச்சா அது?

பாடப்புத்தகத்தைத் திறந்தால் தூக்கம் வந்தது. பிரெஞ்சில் ஓடும் ஒரு கார்ட்டூன் படத்தின் பாட்டுகள்தான் மண்டையில் ஏறின. அதிலும் இளவரசி மூச்சுவிடாமல் படபடவென்று பாடித் தொலைக்கிறாள். சூனியக்காரியோ ஒவ்வொரு வார்த்தையையும் மென்று, ருசித்து, நிதானமாகப் பாடுகிறாள். ஆகவே பொக்-சுன் சூனியக்காரியிடமே படித்தாள்.

"என்னக்கா, அந்தச் சூனியக்காரக் கிழவி இன்னிக்கும் ஆரம்பிச்சுட்டாளா? இவ பாட்டுக்கு முடி தானாவே சுருண்டுடும், மருந்து எதுக்கு?" என்றாள், தலை நிறையச் சுருளைகளோடு உட்கார்ந்திருந்த மீன்காரி.

"வாயை மூடிட்டு உக்காரு. மகள், என்னுடையவள், என்றென்றும்... எனக்கு வேண்டியதெல்லாம் அவ பாட்டுலதான் இருக்கு."

கல்யாணத்துக்கு முன் இரு குடும்பமும் சந்திக்கும் விருந்து. எல்லோரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பொக்-சுன் எழுந்தாள். "உன் மகள் இனி என்னுடையவள், என்றென்றும்!" என்று பிரெஞ்சில் ராகத்தோடு தொடங்கினாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மனப்பாடம் செய்த பாட்டு நடுவில் நிற்குமா? "அழு, நன்றாக அழு! என் கோட்டைக் கதவு உனக்குத் திறக்காது!" என்பதும் கூடவே வந்து விழுந்தது. பழக்கதோஷம், விரல்களையும் வளைத்துக் காட்டிவிட்டாள். அர்த்தம் உறைத்தபோது பாட்டு முடிந்திருந்தது.

சொலேன் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஒதீல் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் தோள் குலுங்கியது. போச்சு, அழுகிறாள் என்று பொக்-சுன் நினைத்தாள். அழுகை இல்லை, சிரிப்பு! மகளை மடியில் வைத்துக்கொண்டு அதே படத்தை எத்தனையோ முறை பார்த்தவள் அவள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்து ஏதோ கேட்டாள்.

"'நிஜமாவே எனக்குக் கதவைத் திறக்க மாட்டீங்களா'ன்னு கேக்கறாங்க, அத்தை" என்றாள் சொலேன்.

இதற்குச் சூனியக்காரியிடம் பதில் இல்லை. பொக்-சுன் கைப்பையிலிருந்து புருவப் பென்சிலை எடுத்து, ஜூன்வூவும் சொலேனும் குடியிருக்கும் வீட்டுக் கதவைச் சாவியில்லாமல் திறக்கும் ரகசிய எண்ணை டிஷ்யூ தாளில் எழுதிச் சம்பந்தியின் கையில் திணித்தாள். ஒதீல் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

ஜூன்வூ எட்டிப் பார்த்தான். "அம்மா! இது எங்க வீட்டு நம்பர்! உனக்குத் தெரியக் கூடாதுன்னுதானே போன வாரம் மாத்தினோம்!"

"சூப் ஆறுது பாரு, சாப்பிடுடா" என்றாள் பொக்-சுன்.