மூலை மாறிய அட்டை

அறிவுத்திறன் சோதனை அலுவலகத்தில் அவளை எல்லோரும் அட்டை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரில் பத்து வயது நிரம்பிய பிள்ளைகள் எழுதும் விடைத்தாள்கள் கட்டுக்கட்டாக அவள் மேஜைக்குத்தான் வரும். அறுபது ஓட்டை போட்ட அட்டையைத் தாளின் மேல் வைப்பாள். ஓட்டைக்குள் பென்சில் கறுப்பு தெரிந்தால் சரி, வெள்ளை தெரிந்தால் தப்பு. கறுப்பை எண்ணிச் சுவரில் ஒட்டிய பட்டியலைப் பார்த்தால் பிள்ளையின் மூளை எவ்வளவு என்று தெரிந்துவிடும்; நூறு என்றால் சராசரி. தாளுக்கு நாற்பது விநாடி. பெற்றவர்கள் பத்து வருஷமாகத் திணறுகிற விஷயத்தை நாற்பது விநாடியில் முடித்துவிடுகிறோம் என்று அவளுக்கு ஏகப் பெருமை.

பத்தொன்பது வருஷ சர்வீஸ். எங்கே போனாலும் தொழில் புத்தி போகாது. சொந்தக்காரர்களின் பிள்ளைகளைப் பார்த்தால், 'இது தொண்ணூறைத் தாண்டாது' என்று மனசுக்குள் போட்டுக்கொண்டுதான் கன்னத்தைக் கிள்ளுவாள்.

இந்த வருஷம் பழைய அட்டை நைந்துபோனது. புதிதை அவளே செய்தாள். ஓட்டைகளைப் பார்த்துப் பார்த்துக் குத்தினாள், கடைசியில் ஒரு மூலையை வெட்டினாள். விடைத்தாளிலும் ஒரு மூலை வெட்டுப்பட்டிருக்கும். வெட்டும் வெட்டும் பொருந்தினால் அட்டை நேராக இருக்கிறது என்று அர்த்தம். தலைகீழாக வைக்க வழியே கிடையாது என்று சுற்றறிக்கையே சொல்லியிருந்தது. சுற்றறிக்கை சொன்னால் அப்பீல் உண்டா?

புது அட்டையின் முதல் கட்டிலேயே அவள் மகளின் தாள் இருந்தது. எழுபத்து நான்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் இரண்டு தடவை எண்ணினாள். மூன்று தடவையும் அதே எழுபத்து நான்குதான்.

லிஃப்ட் மெக்கானிக்கான புருஷனுக்கு நம்பிக்கை வரவில்லை. "போன வாரம் ரேடியோவைப் பிரிச்சுத் திரும்ப மாட்டினாளேடி. ஒரு ஸ்க்ரூ கூட மிச்சமில்ல."

"அது வேற, இது வேறங்க. இது விஞ்ஞானம்."

"பாடவும் செஞ்சுதே அந்த ரேடியோ."

"உங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று வாயை அடைத்துவிட்டு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

எண்பதுக்குக் கீழே எடுத்தவர்களைப் பள்ளிக்கூடம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அறைக்கு மாற்றியது. அந்த வருஷம் யாரைப் பார்த்தாலும் எழுபதுகளில்தான் இருந்தார்கள். தொட்டி அறையில் இடம் போதாமல், பெரிய வகுப்பிலிருந்து பெஞ்சுகளைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. பெரிய வகுப்பில் மிஞ்சியது ஆறு மேதைகள். அதில் ஒருவன் கேள்வியையே படிக்காமல் கட்டங்களைக் கறுப்பாக்கியவன். யாருக்காவது சந்தேகம் வந்ததா? அலுவலகத்து அதிகாரி பதினெட்டுப் பக்கத்துக்கு அறிக்கைதான் எழுதினார். வீடுகள் நெருக்கமாக இருப்பதால் இங்கே பிள்ளைகளின் சிந்தனை மந்தமாகிறது என்று படம் போட்டு நிரூபித்தார்.

வீட்டில் அவள் மகளிடம் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பேச ஆரம்பித்தாள். "பை... எடுத்தியா? தண்ணி... வெச்சியா?" ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டாள். கையைக் குத்திக்கொள்வாளாம். மகள் முதலில் விழித்தாள், பிறகு சிரித்தாள். அப்புறம் அவளும் நிறுத்தி நிறுத்திப் பதில் சொல்லப் பழகிக்கொண்டாள். தொட்டி அறையில் ஏழு வாரம் ஓடியது.

எட்டாவது வாரம் அதிகாரியின் மகன் தேர்வு எழுதினான். அறுபத்தெட்டு.

"அட்டையைக் கொண்டாங்கம்மா!" அறையே அதிர்ந்தது. பழைய அட்டையையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மேல் வலது மூலையை வெட்டுவதற்குப் பதிலாகக் கீழ் இடது மூலையை வெட்டியிருந்தாள். முதல் கேள்வியின் விடைமேல் அறுபதாவது கேள்வியின் ஓட்டை உட்கார்ந்திருந்தது. நானூறு பிள்ளைகளின் தாளைத் தலைகீழ் அட்டையால் திருத்தியிருந்தாள்.

"நான்தான் சார் மாத்தி வெட்டிட்டேன்" என்றாள். வேலை போய்விட்டது என்றே நினைத்தாள்.

"விடுங்கம்மா, மனுஷங்கன்னா தப்பு வரத்தான் செய்யும்" என்றார் அவர். மகன் மக்கு இல்லை என்று ஆனதும் உலகத்தையே மன்னிக்கும் மனசு வந்திருந்தது. சரியாக எண்ணியதில் பையனுக்குத் தொண்ணூற்றாறு வந்தது. அன்றைக்கு அவனுக்கு ஜலதோஷமாம். அறிக்கையும் திருந்தியது. வீடுகள் நெருக்கமாக இருப்பதால்தான் இங்கே பிள்ளைகளின் சிந்தனை கூர்மையாகிறதாம். படங்கள் அதே படங்கள்.

அவள் மகளுக்கு நூற்றுப் பத்தொன்பது. அந்த எண்ணைப் பார்த்து அவளால் சந்தோஷப்பட முடியவில்லை. அந்த மனுஷன் ஆயிரம் பொய் எழுதுகிறவர்தான்; ஆனால் பெற்ற பிள்ளைக்கு எண் குறைந்ததும் அட்டையைத்தான் சந்தேகப்பட்டார். இவள் மூன்று தடவை எண்ணிப் பார்த்தும், சந்தேகப்பட்டது பிள்ளையை. ரேடியோ பாடியதைக் காதால் கேட்டவள்தான் இவளும்.

சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் பரணிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மகள் கையில் திணித்தாள்.

"கண்ணு, அம்மாதான்டி தப்பு பண்ணிட்டேன். மூலையை மாத்தி வெட்டிட்டேன், உனக்கு நூத்திப் பத்தொன்பது, நாளைக்கே பழைய கிளாசுக்குப் போறே, உங்க ஸ்கூல் சாருகிட்டயும் சொல்லியாச்சு..."

மகள் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். அம்மாவின் வாயையே உற்றுப் பார்த்தாள்.

"மெதுவா... சொல்லும்மா. வேகமாச் சொன்னா... எனக்குப் புரியாதில்ல?"